ஃபேர்வே டிரைவர்களை வேக எண்ணை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டம் பற்றி ஒரு முழுக் கட்டுரை வந்ததைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சங்கிலிக் கூடை எப்படி வந்தது, கூடைக்குப் பக்கத்தில் எறிய ஒரு தட்டு, தூரத்துக்கு வேறு தட்டு என்று ஏன் இத்தனை வகை, எல்லாம் தெளிவாக இருந்தது, எழுதியவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆனால் கடைசியில், புதிதாக ஆட வருபவர்களுக்கென்று ஃபேர்வே டிரைவர்களுக்கு, அதாவது தூரத்துக்கு எறியும் தட்டுகளில் வேகம் சற்றுக் குறைந்த வகைக்கு, ஓர் அட்டவணை போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. தட்டுகளை வேக எண்படி 6லிருந்து 9 வரை அடுக்கி, எண் கூடக் கூடத் தூரமும் கூடும் என்று கீழே ஒரு வரி. அந்த வரியை நம்பி ஒருவர் நேராக 9ஆம் எண்ணுக்குப் போனால், பல மாதம் கை வலிக்க எறிந்தும் தட்டு ஏன் இடப்பக்கமே போய் விழுகிறது என்று புரியாமல் ஆட்டத்தையே விட்டுவிடுவார்.

வேக எண் தூரத்தைச் சொல்வதில்லை. அந்தத் தட்டு வடிவமைத்தபடி பறக்க வேண்டுமானால் உங்கள் கை அதற்கு எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் ஆக ஆகக் காற்று அதைக் குறைவாகத் தடுக்கும், எண் ஏறும். ஃபேர்வே டிரைவர்களின் விளிம்பு பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கும் இடையில் இருக்கும், நீண்ட தூர டிரைவர்களில் இரண்டைத் தாண்டிவிடும். விதி அனுமதிப்பது 2.6 சென்டிமீட்டர் வரை. அகல விளிம்புத் தட்டை வேகமில்லாத கை எறிந்தால் என்ன ஆகும்? பறப்பின் வேகமான முதல் கட்டத்துக்கே அது போய்ச் சேராது, கையை விட்டதும் நேரே வேகம் குறைந்த கடைசிக் கட்டம்தான், இடப்பக்கம் வளைந்து இறங்கிவிடும். தட்டு தயாரிக்கும் இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் வேகம் 12, லெப்பர்ட் வேகம் 6. எறிவேகம் குறைந்த கையில் லெப்பர்ட்தான் பெரும்பாலும் தூரம் போகும், அதுவும் நேராகப் போகும். உங்கள் அட்டவணையின் தர்க்கப்படி இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்.

எண்களின் கணக்கு தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டில் நான்கு எண் இருக்கும். முதலாவது ஸ்பீட். இரண்டாவது கிளைட், அதாவது எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன், வேகமாகப் போகும்போது எந்த அளவுக்கு வலப்பக்கம் சாயும் என்பது, இது மைனஸில் போகப் போகச் சாய்வு அதிகம். நான்காவது ஃபேட், வேகம் குறைந்த பிறகு எவ்வளவு இடப்பக்கம் வளைந்து இறங்கும் என்பது. இந்த வல இடக் கணக்கு வலக்கைப் பேக்ஹேண்டுக்கு, அதாவது வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வெளிப்பக்கமாக வீசும் எறிக்கு மட்டும். இடக்கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடும், வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னால் வரும்படி பக்கவாட்டில் வீசி எறிந்தாலும் அப்படித்தான். உங்கள் கட்டுரையில் இது ஒரு சொல்கூட இல்லாதது பெரிய குறை, இடக்கையால் ஆடுபவர்கள் அதைப் படித்து எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் அட்டவணையில் ஒரே கட்டத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்த இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். ஃபயர்பேர்ட், ரோட்ரன்னர். இரண்டும் இன்னோவா, இரண்டுக்கும் வேகம் 9. முழு எண்களைப் பாருங்கள். ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. ரோட்ரன்னர் 9, 5, -4, 1. ஃபயர்பேர்டைத் தோள் உயரத்தில் மட்டமாக விட்டால் முதல் பாதியில் வலப்பக்கம் அசையவே அசையாது. பாதித் தூரத்திலேயே இட விளிம்பு தாழ ஆரம்பிக்கும், அதற்கப்புறம் வளைவு கூடிக்கொண்டே போகும், தரையைத் தொடும்போது இட விளிம்பு முதலில் படும், பட்டதும் நிற்காது, சறுக்கிக்கொண்டு இன்னும் இடப்பக்கம் பாயும். நல்ல ஆட்டக்காரர்கள் அந்தச் சறுக்கலையும் சேர்த்தே கணக்குப் போட்டு எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூடைக்குப் போக அதைவிட நம்பகமான வழி குறைவு. அதே கை, அதே வேகம், அதே உயரத்தில் ரோட்ரன்னரை விட்டுப் பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே வல விளிம்பு தாழும், தட்டு முழுவதுமாக வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும், வேகமான கை என்றால் திரும்பி வரவே வராது, விளிம்பில் விழுந்து தரையில் உருள ஆரம்பித்துவிடும். உருட்டி எறிவதற்கென்றே அதைப் பையில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரே கையிலிருந்து கிளம்பிய இந்த இரண்டும் விழும் இடங்களுக்கு நடுவில் எத்தனையோ மரங்கள் நிற்கும். இவற்றை ஒரே கட்டத்தில் போட்டு 'வேகம் 9' என்று எழுதினால் வாசகருக்கு என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஏன் இப்படிச் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் எண்களை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை. வலக்கைப் பேக்ஹேண்டில் எறிந்த தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும். சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளி வேறு பக்கம் சாயும். பம்பரம் தட்டினால் விழாமல் வட்டமடிப்பதும் இதனால்தான். தட்டு வேகமாகப் போகும்போது காற்று அதைத் தூக்கும் புள்ளி நடு மையத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது, அதனால் முன்விளிம்பு கீழே அழுந்தப் பார்க்கிறது, சுழற்சி அந்த அழுத்தத்தை வலப்பக்கச் சாய்வாக மாற்றிவிடுகிறது. அதுதான் டர்ன். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் காற்று அதைக் கீழிருந்து சந்திக்கிறது, தூக்கும் புள்ளி முன்னால் நகர்கிறது, முன்விளிம்பு மேலே எழப் பார்க்கிறது, இப்போது சாய்வு இடப்பக்கம். அதுதான் ஃபேட். சுழற்சி பலமாக இருந்தால் இரண்டு சாய்வுமே மெதுவாக நடக்கும், ஆகவே வேகத்தைவிடச் சுழற்சியைக் கற்றுக்கொள்வது முக்கியம் என்பேன். தட்டு தள்ளாடிக்கொண்டே கிளம்பினால் எந்த எண்ணும் உதவாது, தள்ளாட்டமே அதை வலப்பக்கம் கவிழ்க்கும்.

சரி, 9ஐ விடுவோம். 6, 7 எண் தட்டுகளில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், உங்கள் கட்டுரை அவசரமாகத் தாண்டிப் போனதும் இவற்றைத்தான். இன்னோவாவின் டீபேர்ட் 7, 5, 0, 2. ஈகிள் 7, 4, -1, 3. டர்னையும் ஃபேடையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிக் கூட்டினால் இரண்டுக்கும் 2தான் வரும். ஆனால் பறப்பு ஒன்றல்ல. டீபேர்ட் கையை விட்டதிலிருந்து இலக்கைப் பார்த்தபடியே போகும், கடைசியில் லேசாக இடப்பக்கம் ஒதுங்கி உட்காரும். ஈகிளைப் போதுமான வேகத்தில் விட்டால் முதலில் மெல்ல வலப்பக்கம் விலகும், பிறகு டீபேர்டைவிட அழுத்தமாக இடப்பக்கம் திரும்பி வரும், வானத்தில் நீளமான ஒரு நெளிவு தெரியும். இரண்டு பக்கமும் மரம் நெருங்கிய ஒடுக்கமான வழியில் அந்த நெளிவு தட்டை மரத்தில் கொண்டுபோய் அடிக்கும், டீபேர்ட் தப்பிவிடும். திறந்த வெளியில் இடைஞ்சல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும் என்றால் அதே நெளிவுதான் வேண்டும். வால்கிரி 9, 4, -2, 2. கூட்டினால் பூஜ்யம், அதற்காக நேராகப் பறக்கும் தட்டு என்று யாராவது அதை வாங்கினால் ஏமாந்துதான் போவார்கள். அது போய் வரும் தட்டு, நேர்கோட்டுத் தட்டு இல்லை.

லெப்பர்ட் 6, 5, -2, 1. புதியவருக்கு முதல் ஃபேர்வே டிரைவர் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், அல்லது வேறு நிறுவனத்தில் இதே குணமுள்ள ஒன்றை. மெதுவான கையிலும் மட்டமாக நிற்கும், கொஞ்சம் வேகம் வந்ததும் வலப்பக்கம் சாய்ந்து காட்டும், ஆகவே கை முன்னேறுவது தட்டில் அப்படியே தெரியும். இடப்பக்கம் சாய்த்துப் பிடித்து எறிந்தால் போகிற போக்கில் தானே நிமிர்ந்து மட்டமாகி நேராக நீண்டு போகும், ஹைசர் ஃபிளிப் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது அதைத்தான், அதைக் கற்றுக்கொள்ள லெப்பர்ட்டைப் போல ஒத்துழைக்கும் தட்டுகள் குறைவு. ஃபயர்பேர்டை முதல் தட்டாக வாங்குவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கைப்பிழையை மறைத்துவிடும். எப்படி எறிந்தாலும் இடப்பக்கம்தான் விழும் என்னும்போது எறிந்தது சரியா தவறா என்று எப்படித் தெரியும்?

மிதப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடனின் லாட்டிட்யூட் 64 நிறுவனத்தின் ரிவர் 7, 7, -1, 1. டீபேர்டின் அதே வேக எண், ஆனால் கிளைட் இரண்டு எண் கூடுதல். அமைதியான காற்றில் மெல்ல எறிந்தாலே நீண்ட நேரம் மேலே நிற்கும், தூரம் குறைந்த கைக்குப் பெரிய உதவி. ஆனால் காற்று வீசும் நாளில் அந்த மிதப்பே எதிரி, கூடையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். ஃபயர்பேர்டின் கிளைட் 3தான் என்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். அது குறை அல்ல, அதற்காகவே அதை எடுப்பார்கள், காற்றில் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவது அதனால்தான்.

காற்று என்றதும் இன்னொன்று. உங்கள் அட்டவணையில் இருக்கும் எண்கள் எல்லாம் காற்றில்லாத வெளிக்கானவை. எதிர்க்காற்றில் தட்டைச் சந்திக்கும் காற்றின் வேகம் கூடிவிடுகிறது, ஆகவே தட்டு உண்மையைவிட வேகமாக எறியப்பட்டதுபோல நடந்துகொள்ளும், டர்ன் கூடும். சாதாரண நாளில் நேராகப் போகும் டீபேர்ட் பலத்த எதிர்க்காற்றில் வலப்பக்கம் சாயும், லெப்பர்ட் கவிழ்ந்தே போகும், அப்போதுதான் ஃபயர்பேர்ட் கிட்டத்தட்ட நேராகப் போகிற தட்டாக மாறும். பின்காற்றில் நேர் எதிர். டர்ன் மறையும், சீக்கிரம் இடப்பக்கம் விழும், மிதப்பும் குறையும், அந்த நேரத்தில் லெப்பர்ட், ரோட்ரன்னர் மாதிரித் தட்டுகள் அருமையாகப் போகும். கடல் மட்டத்திலிருந்து மிக உயரமான இடங்களில் காற்று மெல்லியதாக இருப்பதால் எல்லாத் தட்டுமே கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் விழும், மிதப்பு குறையும். இதெல்லாம் நுணுக்கம், புதியவருக்கு எதற்கு என்று கேட்கலாம். எதிர்க்காற்றும் பின்காற்றும் முதல் நாளிலேயே வரும், அதனால் முதல் நாளிலேயே தெரிய வேண்டும்.

அப்புறம், இந்த எண்களை யார் போடுகிறார்கள் என்பது. ஒரு பொது அமைப்பு சோதனை செய்து சான்று கொடுத்தது போன்ற தொனி உங்கள் கட்டுரையில் இருந்தது. அப்படி இல்லை. பி.டி.ஜி.ஏ. என்கிற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், 1976ல் தொடங்கியது, தட்டுகளின் அளவு, எடை, விளிம்பு, வளையும் தன்மை இவற்றைத்தான் சரிபார்த்து ஆட்டத்துக்கு அனுமதிக்கிறது. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைதான் எடை இருக்கலாம் என்பது அதன் விதி, அதனால்தான் 21 சென்டிமீட்டரும் கொஞ்சமும் உள்ள ஒரு ஃபேர்வே டிரைவர் 175 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. பறப்பு எண்கள் அந்தச் சோதனையில் இல்லை. நான்கு எண் முறையை இன்னோவா கொண்டுவந்தது, மற்றவர்கள் அதைப் பின்பற்றித் தங்கள் தட்டுகளுக்குத் தாங்களே எண் கொடுத்துக்கொள்கிறார்கள். டிஸ்கிராஃப்ட் என்ற இன்னொரு நிறுவனம் நெடுங்காலம் தனி முறையாக ஒற்றை எண்ணில் சொல்லிவந்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 9, 5, -1, 2 இன்னொரு நிறுவனத்தின் 9, 5, -1, 2 மாதிரியே பறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட்டால் எண்கள் ஓரளவு கைகொடுக்கும், நிறுவனம் தாண்டினால் கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஒரே பெயருள்ள இரண்டு தட்டுகூட ஒரே மாதிரி பறப்பதில்லை. இதை எறிந்து பார்க்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம், கடையிலேயே செய்யக்கூடியது. இரண்டு டீபேர்டை எடுத்துச் சமமான மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். வார்ப்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் கோடு விளிம்பின் மூக்கில், அதாவது அதன் வெளிமுனையில் தெரியும். அந்தக் கோடு தரையிலிருந்து உயரமாக இருக்கும் தட்டு இடப்பக்கம் அதிகம் விழும், தாழ்ந்திருப்பது வலப்பக்கம் எளிதில் சாயும். ஒரு நகத்தளவுக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் பறப்பில் தெரிந்துவிடும். பிறகு மேல்பரப்பைத் தடவிப் பாருங்கள், நடுவில் மேடாக உப்பியிருந்தால் மிதப்பு கூடும், தட்டையாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். வார்த்த பிளாஸ்டிக் ஆறும் விதத்தைப் பொறுத்து இவை மாறுவதால் ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் வேறுபாடு வந்துகொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் ரகமும் முக்கியம். இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது விலை குறைந்த மென்மையான ரகம், சாம்பியன் என்பது கெட்டியான ரகம். டிஎக்ஸ் டீபேர்ட் மரத்தில் நாலு முறை நன்றாக மோதினாலே விளிம்பில் கீறல் விழும், மூக்கு மழுங்கும், மழுங்க மழுங்க டர்ன் கூடும். கொஞ்ச காலத்தில் அது ஒரு லெப்பர்ட்டாகவே நடந்துகொள்ளும். சாம்பியன் டீபேர்ட் பல காலம் அப்படியே இருக்கும், புதிதிலேயே ஒரு இழை கூடுதலாக இடப்பக்கம் விழும். நல்ல ஆட்டக்காரர் பையில் ஒரே பெயருள்ள தட்டு மூன்று நான்கு தேய்மான நிலைகளில் இருப்பதைப் பார்க்கலாம், புதியது எதிர்க்காற்றுக்கு, பாதி தேய்ந்தது நேர்கோட்டுக்கு, நன்றாகத் தேய்ந்தது வலப்பக்க வளைவுக்கு. பிடி ஒன்று, எடை ஒன்று, பறப்பு மூன்று. எண்களை நம்பி நான்கு வேறு தட்டு வாங்குவதைவிட இது மேலானது என்பது என் உறுதியான கருத்து.

எடையும் அப்படித்தான், 150 கிராம் பக்கம் இருக்கும் தட்டு மெதுவான கைக்கு எளிதில் எழும், வலப்பக்கமும் எளிதில் சாயும், காற்று அதை இஷ்டத்துக்கு அலைக்கழிக்கும்.

கட்டுரையில் இருந்த ஒரு வரலாற்றுச் செய்தியையும் திருத்திவிடுங்கள். 1983ல் இன்னோவா வெளியிட்ட, சரிந்த விளிம்புள்ள தட்டுதான் இந்த ஆட்டத்தையே மாற்றியது என்பது சரி, அதன் பெயர் ஈகிள் என்பதும் சரி. ஆனால் இன்று ஃபேர்வே டிரைவராக விற்கும் ஈகிள் அதே தட்டு அல்ல, பெயரை மட்டும் பின்னால் வேறு தட்டுக்கு வைத்தார்கள். அட்டவணையில் அந்தத் தட்டுக்கு எதிரில் 1983 என்று போட்டிருந்தது தவறு.

கேட்டுக்கொள்வது இதுதான். அட்டவணையைத் திருத்தி இன்னொரு முறை வெளியிடுங்கள். இந்த முறை வேக எண்ணால் அடுக்காமல், பறப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தட்டு என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். அழுத்தமாக இடப்பக்கம் விழுபவை ஒரு பக்கம், ஃபயர்பேர்ட் அங்கே. நேராகப் போய் லேசாக ஒதுங்குபவை ஒரு பக்கம், டீபேர்டும் 9, 5, 0, 2 என்ற எண்ணுள்ள தண்டர்பேர்டும் அங்கே. போய் வருபவை தனியாக, ஈகிளும் வால்கிரியும் அங்கே. வலப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே தங்குபவை தனியாக, 9, 5, -3, 1 ஆன சைட்வைண்டரும் ரோட்ரன்னரும் அங்கே. லெப்பர்ட் கையைப் பொறுத்து இடம் மாறும், அதை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்க்காற்றில் என்ன ஆகும் என்று ஒரு கட்டம் சேருங்கள். தலைப்பிலேயே 'வலக்கைப் பேக்ஹேண்டுக்கு' என்று போடுங்கள். இடம் போதாது என்றால் வேக எண் கட்டத்தையே எடுத்துவிடலாம், டர்னும் ஃபேடும் மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகர்